கோமுகிக் கரையிலிருந்து கொலோனுக்கு

இந்திய வணிக விமானி உரிமம் பெற்ற ஒருவர், ஏர் இந்தியாவில் துணை விமானியாகத் தில்லியிலிருந்து ஃபிராங்க்பர்ட் வரை பறந்து இறங்கலாம். அங்கே பக்கத்து நிறுத்தத்தில் அதே ரக விமானம் அதே கருவிப் பலகையோடு நிற்கலாம். அதன் உடலில் எழுதியிருக்கும் பதிவெழுத்து ஜெர்மனிக்குரிய 'டி' என்றால், அவருடைய உரிமம் அதற்குச் செல்லாது. உரிமம் வானத்தோடு கட்டுப்பட்டதல்ல, விமானத்தின் பதிவோடு கட்டுப்பட்டது. இந்தியாவுக்கு 'வி.டி.', பிரான்சுக்கு 'எஃப்', அயர்லாந்துக்கு 'இ.ஐ.', ஆஸ்திரியாவுக்கு 'ஓ.இ.', மால்டாவுக்கு '9எச்'. ஐரோப்பாவில் வேலை செய்ய உரிமத்தை மாற்றுவது என்றால் 'வி.டி.'யை விட்டு இந்த எழுத்துகளில் ஒன்றுக்குள் நுழைவதுதான்.

இதற்கு அடிப்படை 1944 டிசம்பர் 7 அன்று கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கை. விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாடு வழங்கிய அல்லது ஏற்றுக்கொண்ட உரிமம் விமானியிடம் இருக்க வேண்டும் என்கிறது அதன் 32-ஆம் பிரிவு. அப்படி வழங்கப்பட்ட உரிமம் குறைந்தபட்சத் தரத்தை எட்டியிருந்தால் மற்ற நாடுகள் மதிக்க வேண்டும் என்கிறது 33-ஆம் பிரிவு. இந்திய விமானம் ஃபிராங்க்பர்ட்டில் இறங்க முடிவது இந்த 33-ஆல். இந்திய விமானி ஜெர்மன் விமானத்தை ஓட்ட முடியாதது 32-ஆல்.

கச்சிராயபாளையம் வட்டாரத்துக் கரும்பு விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இரண்டு. ஒன்று மூங்கில்துறைப்பட்டில், மற்றது கச்சிராயபாளையத்தில். எந்த ஆலையில் பதிவோ அந்த ஆலை வெட்டு உத்தரவு தந்தால்தான் கரும்பு வெட்டலாம். வேறு ஆலைக்கு லாரி ஏற்ற வேண்டுமானால் அனுமதி வேண்டும். கரும்பில் இனிப்பு குறைவு என்று யாரும் சொல்வதில்லை. பதிவு இங்கே இல்லை, அவ்வளவுதான். ஐரோப்பாவும் இந்திய விமானிக்கு ஓட்டத் தெரியாது என்று சொல்வதில்லை. தெரியும் என்பதைத் தன் முறைப்படி மறுபடி காட்டச் சொல்கிறது.

அந்த முறையை வகுப்பது ஐரோப்பிய ஒன்றிய விமானப் பாதுகாப்பு முகமை. 2002-இல் சட்டத்தால் உருவானது. 2004 முதல் ஜெர்மனியின் கொலோன் நகரில் இயங்குகிறது. ஒன்றியத்தின் 27 நாடுகளும், ஒன்றியத்துக்கு வெளியே ஸ்விட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய நான்கும் இதன் விதிகளைப் பின்பற்றுகின்றன. 31 நாடுகளில் எதில் உரிமம் வாங்கினாலும் மற்ற முப்பதிலும் அது செல்லும். ஆனால் கொலோனுக்கு விண்ணப்பம் அனுப்பிக் காத்திருப்பது வீண். விதிகள்தான் அங்கே உருவாகின்றன; தனி விமானிக்கு உரிமம் கொடுப்பவை அந்தந்த நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையங்கள்.

லண்டன் இந்த வரைபடத்தில் இல்லை. 2020 டிசம்பர் 31 நள்ளிரவோடு பிரிட்டன் இந்த ஏற்பாட்டிலிருந்து வெளியேறிவிட்டது. பிரிட்டிஷ் உரிமம் இன்று ஐரோப்பாவுக்கு இந்திய உரிமத்தைப் போலவே வெளிநாட்டு உரிமம். லண்டனில் சொந்தக்காரர் இருக்கிறார் என்பதற்காக அங்கே தேர்வெழுதிவிட்டுப் பாரிசில் வேலை தேடலாம் என்று கணக்குப் போடுபவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

ஐரோப்பாவுக்கான இந்தப் பாதை தொடங்கும் கச்சிராயபாளையம் கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. கோமுகி அணை பக்கத்திலேயே; அணை வாய்க்கால் பாயும் இடமெல்லாம் கரும்பும் நெல்லும், பாயாத மேட்டில் மரவள்ளி. ஊரைத் தாண்டினால் வெள்ளிமலைக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிவிடும். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்த பிள்ளை விமானி ஆக வேண்டும் என்றால், கள்ளக்குறிச்சி வந்து அங்கிருந்து கிழக்கே அல்லது மேற்கே திரும்ப வேண்டும்.

கிழக்கே தியாகதுருகம், எலவனாசூர்கோட்டை வழியாகப் போனால் உளுந்தூர்பேட்டை. இரண்டாம் உலகப்போரின்போது ஆங்கிலேயர் அமைத்த ஓடுதளம் அங்கே இருக்கிறது. மாவட்டத்துக்கென்று விமானத் தொடர்பு ஏதாவது உண்டென்றால் அதுதான். ஆனால் அங்கிருந்து பயிற்சிக்குப் பறக்க முடியாது. மேற்கே சின்னசேலம், தலைவாசல், ஆத்தூர், வாழப்பாடி வழியாகச் சேலம். அதற்கும் அப்பால் ஓமலூர்ப் பக்கம் காமலாபுரத்தில் 1993-இல் திறந்த சேலம் விமான நிலையம். 2022-இல் இந்திய விமான நிலைய ஆணையம் பயிற்சிப் பள்ளிகளுக்கு இடம் ஒதுக்கிய இரண்டாம் சுற்றில் பாவ்நகர், ஹூப்ளி, கடப்பா, கிஷன்கட் ஆகியவற்றோடு சேலமும் இருந்தது. 1930-இல் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் தொடங்கிய காலத்திலிருந்து தமிழ்நாட்டில் விமானம் ஓட்டக் கற்பது என்றால் பெரும்பாலும் சென்னை மீனம்பாக்கம் என்றே இருந்தது. கல்வராயன் அடிவாரத்துப் பிள்ளைக்கு அந்தத் தூரம் இப்போது ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது.

இந்திய உரிமத்தின் கணக்கு இது: வயது 18, மொத்தம் 200 மணிநேரப் பறப்பு, அதில் 100 மணி தலைமை விமானியாக, ஊர் விட்டு ஊர் பறந்தது 20 மணி, அதிலும் ஒரு பறப்பு 300 கடல்மைல் கொண்டது, வழியில் இரண்டு வெவ்வேறு நிலையங்களில் இறங்கியது. கூடவே சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் எழுத்துத் தேர்வுகள், தாளுக்கு 70 சதவீதம். வானொலித் தொடர்புக்குத் தனிச் சான்று. முதல் வகுப்பு மருத்துவச் சான்று. செலவு அரை கோடி ரூபாயை ஒட்டி வரும். நிலப் பத்திரம் வங்கிக்குப் போவது இந்தக் கட்டத்தில்தான்.

ஐரோப்பாவின் கணக்கை இதன் பக்கத்தில் வைத்தால் வியப்பாக இருக்கும். அங்கும் 200 மணி, அங்கும் தலைமை விமானியாக 100, அங்கும் 20 மணி ஊர்விட்டு ஊர். நீண்ட பறப்பு 540 கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய அதே 300 கடல்மைல். இரண்டும் சிகாகோ உடன்படிக்கையின் முதல் இணைப்பிலிருந்து எடுத்தவை என்பதால் ஒற்றுமை தற்செயலானது அல்ல. சேலத்து வானில் பறந்த மணிகள் வியன்னாவிலும் மணிகளே. ஆனால் இந்தியத் தேர்வுத் தாள்கள் அங்கே ஒன்றுகூடக் கணக்கில் வராது. மணி செல்லும், மதிப்பெண் செல்லாது. உரிமம் மாற்றும் வேலையில் நேரமும் பணமும் கரைவது பெரும்பாலும் இந்தக் காரணத்தால்தான்.

மணி செல்லும் என்பதும் பறப்புப் பதிவேடு ஒழுங்காக இருந்தால்தான். பதிவேட்டின் ஒவ்வொரு வரியிலும் தேதி, விமான ரகம், பதிவெழுத்து, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், தலைமை விமானியின் பெயர். அதன்பின் பகல், இரவு, கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் கருவிப் பறப்பு என்று தனித்தனிக் கட்டங்கள். பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை, அடுத்த பக்கத்தின் தலையில் அதே தொகை, பயிற்சித் தலைவரின் கையெழுத்து, முத்திரை. அடியில் 143:25 என்றும் அடுத்த தலையில் 143:52 என்றும் எழுதிய ஒரு சின்ன மாற்றம் போதும். ஐரோப்பிய ஆணையத்தின் எழுத்தர் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். உரிமம் உண்மையானதா என்பதை அந்த ஆணையம் விமானியிடம் கேட்காது, இந்திய இயக்குநரகத்திடமே எழுதிக் கேட்கும். 2011-இல் போலி மதிப்பெண் பட்டியல் காட்டி உரிமம் வாங்கிய விமானிகள் சிலர் இந்தியாவில் கைதானது உலகமெங்கும் செய்தியானது. நேர்மையாகப் படித்தவர்களும் சரிபார்ப்புக் கடிதத்துக்குப் பொறுமையாகக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

சட்டம் திறந்துவைத்திருக்கும் வாசல்கள் மூன்று. அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்களை நம்பித்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள்.

முதல் வாசல் தற்காலிக ஏற்பு. இந்திய உரிமத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு ஓராண்டு வரை ஐரோப்பிய நாடு ஒன்று ஒப்புதல் தருவது. அந்தக் காலத்துக்குள் முழு ஐரோப்பிய உரிமத்துக்குப் பயிற்சியில் இருந்தால் ஒரே ஒரு முறை நீட்டிக்கலாம். இதற்கும் அனுபவ மணி, பறப்புத் தேர்வு, ஐரோப்பிய மருத்துவச் சான்று எல்லாம் வேண்டும். விமான நிறுவனம் ஒன்று அவசரத் தேவைக்கு அனுபவசாலியை அழைக்கும்போது பயன்படும் வாசல் இது. புதிதாக உரிமம் பெற்றவருக்கு இதனால் பயனில்லை.

இரண்டாவது தனியார் விமானி உரிமமாக மாற்றுவது. குறைந்தது 100 மணி பறந்திருந்தால், விமானச் சட்டம், மனித இயல்பும் வரம்புகளும் என்ற இரண்டு பாடங்களில் மட்டும் தேறி, ஒரு பறப்புத் தேர்வு கொடுத்து, இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று காட்டினால் போதும். சில வாரங்களில் முடிந்துவிடும். கையில் கிடைப்பது ஐரோப்பிய உரிமம்தான், அதில் பொய் இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு நண்பர்களை ஏற்றிப் பறக்கலாம். சம்பளத்துக்குப் பறக்கக் கூடாது. 'ஒரே மாதத்தில் ஐரோப்பிய உரிமம்' என்று சொல்பவர் இந்த வாசலைக் காட்டுகிறார் என்று புரிந்துகொள்ள வேண்டும்.

நிரந்தர வேலைக்கு வழிவிடுவது மூன்றாவது வாசல் மட்டுமே. விமானிகளுக்கான 1178/2011 என்ற ஐரோப்பிய விதியும், வெளிநாட்டு உரிமங்களுக்காக 2020 மார்ச்சில் வந்த 2020/723 என்ற விதியும் சொல்வது இது: ஐரோப்பாவின் எல்லாத் தேவைகளையும் நிறைவேற்ற வேண்டும், ஆனால் பயிற்சியின் கால அளவு, பாட எண்ணிக்கை, பயிற்சி மணி ஆகியவற்றைக் குறைக்கலாம். எவ்வளவு குறைப்பது என்பதை அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளி பரிந்துரைக்கும், நாட்டின் ஆணையம் முடிவு செய்யும். பள்ளிக்குப் பள்ளி, நாட்டுக்கு நாடு இந்தக் கழிவு மாறுபடுவது இதனால்தான். பரிந்துரையை எழுத்தில் வாங்காமல் எந்தப் பள்ளிக்கும் முன்பணம் கட்டுவது புத்திசாலித்தனம் அல்ல.

விமான நிறுவன வேலைக்கு வேண்டிய எழுத்துத் தேர்வில் 13 தாள்கள். விமானச் சட்டம், விமான உடலும் அமைப்புகளும், கருவிகள், எடையும் சமநிலையும், செயல்திறன், பயணத் திட்டம், மனித இயல்பு, வானிலை, பொது வழிகாணல், வானொலி வழிகாணல், இயக்க நடைமுறை, பறத்தலின் கோட்பாடுகள், தகவல்தொடர்பு. தாளுக்கு 75 சதவீதம். முதல் தாள் எழுதிய மாதம் முடிந்ததிலிருந்து 18 மாதங்களுக்குள் எல்லாம் தேற வேண்டும். ஒரே தாளில் நான்கு முறை தவறினால் தேறியவையும் போய், மீண்டும் முதலிலிருந்து. எல்லாத் தாள்களையும் ஒரே நாட்டின் ஆணையத்தின் கீழ்தான் எழுத வேண்டும் என்பதால் நாட்டைத் தேர்ந்தெடுப்பது முதல் நாள் முடிவு. தமிழ்நாட்டிலிருந்து செல்பவர்களுக்கு ஆங்கிலத்தில் தேர்வு நடத்தும் அயர்லாந்து, மால்டா, ஆஸ்திரியா போன்றவை வசதி. அயர்லாந்து ஷெங்கன் விசாவுக்குள் வராது, அதற்குத் தனி விசா.

முழுப் பாடம் என்றால் 650 மணிநேரம். அஞ்சல்வழி, இணையவழிப் பாடங்களில் பத்தில் ஒரு பங்காவது வகுப்பறையில் நடக்க வேண்டும். ஆகவே கச்சிராயபாளையத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே பெரும்பகுதியைப் படித்துவிடலாம். அதற்கு மேசைமேல் இருக்க வேண்டிய பொருள் சி.ஆர்.பி.-5 என்ற வட்டக் கணிப்பான். மின்கலம் கிடையாது. ஒரு பக்கம் வேகம், தூரம், எரிபொருள் கணக்குக்கான சுழலும் அளவுகோல். மறுபக்கம் ஒளிபுகும் வட்டத் தட்டு. காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறதோ அதைக் குறிக்கு நேராகத் திருப்பி, நடுப்புள்ளியிலிருந்து காற்றின் வேகத்துக்கு ஏற்பப் பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். பிறகு விமானத்தின் மூக்கு நோக்கும் திசைக்குத் தட்டைத் திருப்பி, உள்ளே ஓடும் பலகையை விமானத்தின் வேகத்துக்கு நகர்த்தினால், அந்தப் பென்சில் புள்ளி விழும் இடத்தில் தரைவேகமும் விலகல் கோணமும் தெரியும். விரல் பழகிவிட்டால் ஒரு கணக்கு அரை நிமிடம். விமானத்தில் கணினியே இதைச் செய்துவிடும் காலத்தில் எதற்கு என்ற கேள்வி மாணவர்களிடம் உண்டு. தேர்வு கேட்கிறது என்பது ஒரு பதில், கணினி சொல்வது அபத்தமா இல்லையா என்று உணர இந்தப் பழக்கம் உதவும் என்பது இன்னொரு பதில். இரண்டாவதே உண்மையான பதில்.

இந்திய மாணவர் தடுமாறும் தாள் பெரும்பாலும் வானிலை. கல்வராயன் மலையே ஒரு நல்ல பாடம்தான். வடகிழக்குப் பருவக்காற்று கடல் ஈரத்தோடு வந்து கிழக்குச் சரிவில் முட்டி மேலேறும். ஏறும் காற்று குளிர்ந்து முகில் கட்டும். கரியாலூர், வெள்ளிமலைப் பக்கம் முகில் இறங்கிக் கிடக்கும்போது மலைக்கு மேற்கே வானம் வெளுத்திருக்கும் நாட்கள் உண்டு. இரண்டாயிரம், மூவாயிரம் அடி மலையில் நடக்கும் இதையே பன்னிரண்டாயிரம் அடிக்கு மேல் எழும்பும் ஆல்ப்ஸ் மலையில் வைத்துப் பார்த்தால் ஃபான் காற்று விளங்கிவிடும்: ஒரு பக்கம் மழை கொட்டித் தீர்த்த காற்று, மறுபக்கச் சரிவில் வறண்டு வெப்பமாக இறங்குகிறது. இதுவரை சிக்கலில்லை. ஆனால் இறக்கையில் பனி படிவதைக் கல்வராயன் கற்றுத்தராது. தமிழ்நாட்டின் வானில் உறைநிலை ஏறக்குறைய 16,000 அடியில் இருக்கிறது. பயிற்சி விமானமான செஸ்னா 172 அந்த உயரத்துக்குப் போவதில்லை. ஐரோப்பியக் குளிர்காலத்தில் உறைநிலை தரைக்கே வந்துவிடும். ஓடுபாதையில் நிற்கும்போதே இறக்கையில் உறைபனி. மழைத்துளி விமானத்தின் மேல் பட்டவுடன் பனிக்கட்டியாகும் உறைமழை. குளிர்முகம், வெப்பமுகம் என்ற எல்லைக்கோடுகள். புத்தகத்தில் படித்து எழுதினாலும் முதல் ஜனவரியில்தான் அது உடம்புக்குத் தெரியும்.

எதிர்த்தட்டில் செயல்திறன் தாள் எளிது. சேலத்தில் மே மாத நண்பகலில் பறந்தவருக்கு, வெப்பத்தில் காற்று மெலிந்து ஓடுபாதை நீளம் கூடுதலாகத் தேவைப்படும் என்பதைப் புத்தகம் சொல்ல வேண்டியதில்லை.

தாள்களுக்கான கேள்விகள் ஐரோப்பாவுக்குப் பொதுவான கேள்வி வங்கியிலிருந்து வருகின்றன. அதே சாயலில் ஆயிரக்கணக்கான கேள்விகளைத் தொகுத்து விற்கும் நிறுவனங்களும் உண்டு. அவற்றை மனப்பாடம் செய்து தேறுபவர்கள் இருக்கிறார்கள். வேலைக்கான நேர்முகத்தில் அதே கேள்வியை 'ஏன்?' என்று கேட்டவுடன் நின்றுவிடுகிறார்கள்.

படிப்பு இப்படிப் போய்க்கொண்டிருக்க, கள்ளக்குறிச்சியிலிருந்து கிழக்கே போகும் சாலையில் இன்னொரு நிறுத்தம் இருக்கிறது. உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் தாண்டிப் புதுச்சேரி. 1956-இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்த இந்தியா-பிரான்ஸ் ஒப்படைப்பு உடன்படிக்கை, புதுச்சேரி, காரைக்கால் மக்களில் விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க வழி செய்தது. அப்படித் தேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார்கள். உரிமம் மாற்றும் பாதையில் இந்தக் கடவுச்சீட்டு எந்தத் தாளுக்கும் விலக்கு தராது. ஆனால் பாதையின் முடிவில் இருக்கும் பூட்டைத் திறப்பது அதுதான்: வேலை செய்யும் உரிமை. ஸ்விட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் பிரான்சிலும் குடியுரிமை பெற்ற ஈழத்தமிழர் பிள்ளைகளுக்கும் இதே வசதி உண்டு. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவு பிரான்சின் பகுதி என்பதால் அங்கும் ஐரோப்பிய விதிகளே. அந்தத் தீவின் ஏர் ஆஸ்ட்ரல் விமானங்கள் 'எஃப்' எழுத்தோடு சென்னைக்கும் வந்துபோனதுண்டு. எதிர்த்திசையில் பயணித்தவர் ஜே.ஆர்.டி. டாடா. பாரிசில் பிறந்து பிரெஞ்சுக் குடிமகனாக வளர்ந்தவர், இந்தியாவில் வழங்கிய முதல் விமானி உரிமத்தை 1929 பிப்ரவரி 10 அன்று பெற்றார். பிரெஞ்சுக் குடியுரிமையை விட்டதும் அதே ஆண்டில்தான்.

ஐரோப்பாவில் இறங்கியதும் முதல் வேலை மருத்துவச் சோதனை. இந்திய முதல் வகுப்புச் சான்று அங்கே எண்ணப்படாது. முதல் தடவைச் சான்றை ஐரோப்பிய அங்கீகாரம் பெற்ற விமான மருத்துவ மையத்தில்தான் எடுக்க வேண்டும். புதுப்பித்தலுக்குத்தான் தனி மருத்துவர்களிடம் போகலாம். ரத்தம், இதயத் துடிப்புப் பதிவு, செவி, நுரையீரல் எல்லாம் ஒரே நாளில் முடியும். நிறப்பார்வைக்கு இஷிஹாராவின் 24 தட்டுகள். புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணை முதல் 15 தட்டுகளில் ஒன்றுகூடத் தவறாமல் சொல்ல வேண்டும். தவறினால் அடுத்த கட்டக் கருவிச் சோதனை உண்டு. அதிலும் தவறினால் வணிக விமானி என்ற எண்ணத்தை அங்கேயே விட வேண்டியதுதான். சான்று 12 மாதம் செல்லும்.

ஆங்கிலம் பற்றிக் கவலை அதிகம் வேண்டாம். சர்வதேச அளவுகோலில் நான்காம் நிலை போதும். அது நான்கு ஆண்டு செல்லும், ஐந்தாம் நிலை ஆறு ஆண்டு, ஆறாம் நிலைக்குக் காலவரையறை இல்லை. தமிழ் வழியில் படித்தவரும் இந்தியாவில் உரிமம் எடுத்த அளவுக்கு வந்துவிட்டார் என்றால் இதைத் தாண்டிவிடுவார்.

அடுத்து பறப்பு. வணிக உரிமத்துக்கு ஒரு தேர்வு, கருவிப் பறப்புத் தகுதிக்கு இன்னொன்று, பெரும்பாலும் இரட்டை எஞ்சின் விமானத்தில். ஆஸ்திரியாவின் வீனர் நோய்ஸ்டாட் நகரில் உள்ள டயமண்ட் நிறுவனத்தின் டி.ஏ.42 இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. இந்தியப் பள்ளிகள் சிலவற்றிலும் அதே விமானம் இருப்பதால் கைக்குப் பழகியதாகவே இருக்கும். கருவி விதிகளின் கீழ் தலைமை விமானியாக 50 மணி பறந்தவருக்குக் கருவித் தகுதியின் பயிற்சியை முழுதும் கழித்துவிட்டுத் தேர்வை மட்டும் வைக்க விதி இடம் கொடுக்கிறது. புதியவரிடம் அந்த 50 இருக்காது. புதியவருக்குப் புதிதாக இருப்பது வானத்தின் நெரிசல். சேலத்தில் வானொலியில் இரண்டு குரல் கேட்டால் அதிகம். மேற்கு ஐரோப்பாவில் ஒரு மணிநேரப் பறப்பில் இரண்டு நாட்டு எல்லையைத் தாண்டலாம். கட்டுப்பாட்டாளர்கள் மூச்சுவிடாமல் பேசுவார்கள்.

இரண்டு விமானிகள் ஓட்டும் பெரிய விமானத்துக்குப் போகிறவர் மேலும் இரண்டு பாடங்களை முடிக்க வேண்டும். ஒன்று, இருவர் சேர்ந்து இயங்கும் பயிற்சி. மற்றது, விமானம் நிலைகுலைந்தால் மீட்கும் உயர்நிலைப் பயிற்சி: ஐந்து மணி பாடம், மூன்று மணி பறப்பு. 2009-இல் ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் விழுந்தது போன்ற விபத்துகளில், விமானம் தூக்குவிசை இழந்ததை விமானிகள் உணராமலே போனார்கள் என்ற பாடத்திலிருந்து பிறந்தது இது. 2019 டிசம்பர் 20 முதல் கட்டாயமானது.

இவ்வளவும் முடிந்தால் உரிமம் கைக்கு வரும். வேலை அதோடு வராது. ஐரோப்பிய விமான நிறுவனங்களின் விளம்பரங்களில் தவறாமல் இருக்கும் வரி, ஒன்றியத்தில் தடையின்றி வாழவும் வேலை செய்யவும் உரிமை வேண்டும் என்பது. ப்ளூ கார்டு போன்ற வழிகளுக்கு முதலில் வேலை ஒப்பந்தம் வேண்டும். உயர்கல்வித் தகுதியும் கேட்பார்கள். பிளஸ் டூ முடித்து நேராக உரிமம் எடுத்தவருக்குப் பட்டம் இல்லாதது இங்கே இடிக்கும். தொலைநிலைக் கல்வியிலாவது ஒரு பட்டத்தை முடித்து வைப்பது வீண்போகாது. விமான நிலைய அடையாள அட்டைக்குக் கடந்த ஐந்தாண்டுகள் வாழ்ந்த நாடுகளிலிருந்து நடத்தைச் சான்றும் வேண்டும்.

அனுபவசாலியின் பாதை வேறு. இந்திய நிறுவனத்தில் பறந்து 1,500 மணியைத் தாண்டி, பெரிய விமானத்தில் தலைமை விமானியாவதற்கான உயர்நிலை உரிமமும், குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான செல்லுபடியாகும் ரகத் தகுதியும் வைத்திருப்பவருக்குப் பாட வகுப்புகளை முழுதும் கழித்துவிடலாம். 13 தாள்களும் பறப்புத் தேர்வும் மட்டும் மிஞ்சும். ஏர்பஸ் 320 போன்ற ஒரு ரகத்தில் 500 மணி பறந்திருந்தால் அந்த ரகத் தகுதியையும் தேர்வு கொடுத்து ஐரோப்பிய உரிமத்தில் ஏற்றிக்கொள்ளலாம். இந்திய நிறுவனத்தை விட்டுக் கிளம்பும் முன், துணை விமானிக்கு 6 மாதம், தலைமை விமானிக்கு 12 மாதம் என்று 2017-இல் இந்திய இயக்குநரகம் விதித்த முன்னறிவிப்புக் காலம் இருக்கிறது. அந்த மாதங்களைத் தாள்களுக்குப் படிக்கப் பயன்படுத்துபவர்கள் உண்டு.

ஆகவே ஐரோப்பியக் கடவுச்சீட்டு இல்லாமல், 200 மணியோடு, வங்கிக் கடனோடு கல்வராயன் அடிவாரத்திலிருந்து கிளம்புகிறவருக்கு இந்தப் பாதை இப்போதைக்கு லாபமில்லாதது. அவர் இந்தியாவிலேயே மணி சேர்ப்பது மேல். மணி எங்கே சேர்த்தாலும் செல்லும். கடவுச்சீட்டு உள்ளவர் உடனே தொடங்கலாம். யாராக இருந்தாலும், எந்தப் பள்ளிக்கும் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ஐரோப்பிய முதல் வகுப்பு மருத்துவச் சான்றை வாங்கிவிடுங்கள்.